ஆள் உட்காராத கணினி

...முப்பத்திரண்டு சதவீதம், இன்னும் முப்பத்திரண்டுதான், வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, புதுப்பிக்கிறேன் அணைத்துவிடாதீர்கள் என்கிறது திரை, காலை பதினொன்றரைக்கு, ஆஸ்பத்திரி நிறைய ஆள் நிற்கிற நேரத்தில்... அவள் விரல் அணைக்கும் விசைவரை போய்த் திரும்பியது, இடையில் நிறுத்தினால் எழுந்திருக்காமலே போய்விட்டால்? எல்லா வார்டுக்கும் பரிசோதனை முடிவுகள் போவது இந்த ஒரே பெட்டி வழியாகத்தான். யார் செய்த வேலை இது? வேறு யார், இங்கே கணினிக்கென்று இருப்பவள் நீ ஒருத்திதானே. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேலாளர் அவசரப்படுத்தினார், "கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தானே, எதையாவது போட்டு ஓடவிடும்மா." சர்வருக்கான, அதாவது எல்லாருக்கும் பொதுவான பெட்டிக்கான, ஆபரேட்டிங் சிஸ்டம் வர ஒரு மாதம் ஆகும், கையில் இருந்தது மேசைக் கணினிக்கானது, அதையே போட்டாள், தற்காலிகமாக என்று சொல்லிக்கொண்டாள். வித்தியாசம் தெரியாமலா? இது எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நம்புவது, அவருக்காகப் படம் காட்டும், கேள்வி கேட்கும், பதில் சொல்லாமல் நாள் கடத்தினால் தானே அணைந்து எழும். சர்வருக்கானதோ எதிரே யாருமே இல்லாமல் நூறு பேர் தட்டினாலும் திறப்பது, நாம் சொல்லும்போது மட்டும் கண் மூடுவது. இந்த மேசைக்கானது ஒரே சமயத்தில் இருபது பேருக்குமேல் உள்ளே விடாது. புது வார்டு திறந்தபோதே நர்ஸுகள் சொன்னார்களே, "எங்களுக்குத் திறக்கவே மாட்டேங்குதுக்கா" என்று, அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்றாயே, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே...

தொலைபேசி அலறியது, தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். "அக்கா, பொட்டாசியம் ரிப்போர்ட் எங்கக்கா? நாலாம் பெட் பெரியவருக்கு நெஞ்சு தாறுமாறா அடிக்குது, டாக்டர் அதுக்காகத்தான் காத்திட்டிருக்காரு." பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினாள், இரண்டு மாடி, அங்கே இருந்த அம்மா ஒரு கையில் தொலைபேசியோடு நின்றார், "அனுப்பி எவ்ளோ நேரமாச்சு, போன் பண்ணா லைனே கிடைக்கல!" எழுதித் தாருங்கள் என்றாள், சீட்டைப் பார்த்தால் அது ஏழா, ஒன்றா? "ஏழுதாம்மா, ஏழு புள்ளி ஒண்ணு, ஆளைக் கொல்ற அளவு, நிக்காத, ஓடு!" ஏழு புள்ளி ஒன்று, ஏழு புள்ளி ஒன்று, படியில் கால் வழுக்கியது, அவருக்கு ஏதாவது ஆனால் உன்னை யார் கேட்பார்கள், யாரும் கேட்கமாட்டார்கள், வயசானவர் என்பார்கள். டாக்டர் சீட்டைப் பறித்தார், ஒரே பார்வை, ஊசி ஏறியது. அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். திரையில் துடிப்பின் கோடு குதித்துக் குதித்து, மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்தது.

கணினியும் எழுந்துவிட்டிருந்தது. நடைக்கூடத்தில் மேலாளர் எதிரே வந்தார், "தானா சரியாயிடுச்சாமே, நல்லவேளை, இல்லையா?" இப்போது சொல், சிஸ்டத்தை மாற்றணும் சார், தப்பு என்னுது சார், சொல்... "ஆமா சார்," என்றது வாய், யாரோ சொன்னதுபோல. அவர் போய்விட்டார். பெரியவரின் மகள் வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள், "நீங்க மட்டும் ஓடி வரலைன்னா எங்கப்பா..." இல்லைம்மா, தப்பு என்னுது என்று சொல்ல வாயெடுத்தாள், ஆனால் அந்தக் கைகள் வெதுவெதுப்பாக இருந்தன, விடுவித்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவேயில்லை, அதுதான்... இவ்வளவு நேரம் பயந்ததைவிட அதுதான் பயமாக இருந்தது.