வீட்டுக்குள் வந்த கங்கு

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தீ மூட்டத் தெரிவதில்லை, தீயைப் பார்த்து நடுங்க மட்டும் நன்றாகத் தெரிகிறது. வாசலில் மகன் அடித்த கூத்தைப் பார்த்த மாரிச்சாமிக்கு அப்படித்தான் தோன்றியது. நாலு துண்டு கோழியைச் சுடக் கடையில் வாங்கிய இரும்பு அடுப்பு. அது சுவரை ஒட்டி இருக்கக் கூடாதாம், துணிக்கொடிக்குக் கீழே இருக்கக் கூடாதாம். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். கரி பற்றாமல் அடம்பிடித்தபோது கிழவர் மண்ணெண்ணெய் பாட்டிலை நீட்டினார். மகன் பிடுங்கி அப்பால் வைத்துவிட்டான்.

"ஏன்டா, கோழி சுடறியா, இல்ல பாறைக்கு வேட்டு வெக்கறியா?"

காளிமுத்து சிரித்துக்கொண்டே விசிறினான். அவனுக்கு அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தீப்பெட்டியைக் கேட்டிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பயத்தை வீட்டுக்கும் சுமந்து வந்துவிட்டான் என்பது கிழவரின் முடிவு. அவரோ தேயிலை பேக்டரியில் இலை காய வைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளியே முதுகு வளைந்தவர். நெருப்பைப் பற்றி அவருக்கு இன்னொருத்தன் பாடம் சொல்வதா?

ஆனாலும் அன்றைக்குச் சண்டை வளர்க்க அவருக்கு மனமில்லை. பேச்சி வந்திருந்தாள். திருப்பூருக்குக் கட்டிக்கொடுத்த மகள். பனியன் கம்பெனியில் தையல். பொங்கலுக்கும் வருவதில்லை, எஸ்டேட் மாரியம்மன் நோன்புக்கும் வருவதில்லை. போனில், "லீவு கெடைக்கலீங்கப்பா, மாத்திரை போட்டீங்களா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது எதிரே உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். விடிந்தால் பஸ் ஏறிவிடுவாள்.

முன்பு குடியிருந்த எஸ்டேட் லைன் வீட்டில், அந்த வரிசைக் குடியிருப்பில், எல்லோருக்கும் ஒரே அறைதான். மழைக்காலத்தில் அவர் பேக்டரியிலிருந்து சட்டியில் கங்கு அள்ளி வருவார். அதை நடுவில் வைத்துச் சுற்றிப் படுப்பார்கள். பேச்சி அதன் பக்கம் காலை நீட்டிக்கொண்டு, தூக்கம் வந்து வாயை மூடும்வரை ஓயாமல் பேசுவாள். அந்தப் பேச்சுக்குத்தான் கிழவர் ஏங்கிக் கிடந்தார்.

சாப்பிட்டு முடிக்கும்போது பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. கூடவே தூறல். மருமகள் உஷா பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பின்பக்கத்துத் தனி அடுப்படிக்குப் போனாள். காளிமுத்து இரவல் வாங்கிய நாற்காலிகளைப் பக்கத்து வீட்டில் கொடுக்கப் போனான்.

"திருப்பூர் ஒடம்பாப் போச்சுங்கப்பா. இந்தக் குளிரு தாங்கல" என்று பல் கிட்டிக்கச் சொல்லிவிட்டு, பேச்சி முன்னறையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மாரிச்சாமி அடுப்பைப் பார்த்தார். சாம்பல் பூத்துக் கங்கு செக்கச்செவேலென்று கிடந்தது. நல்ல நெருப்பு மழையில் வீணாகப் போகிறது. சாக்கை மடித்துப் பிடித்து அடுப்பை அப்படியே உள்ளே தூக்கிவந்தார். மகன் புதிதாகப் போட்டிருந்த அலுமினிய ஜன்னலை இழுத்துச் சாத்தினார். காற்றுகூட நுழையாத ஜன்னல். கதவையும் சாத்தி, அடியில் கம்பளியைத் திணித்தார்.

"அண்ணன் திட்டுமுங்கப்பா."

"அவன் கெடக்கறான். பொகை வருதா பாரு? துளி பொகை இல்ல. கால நீட்டு கண்ணு."

அவள் நீட்டினாள். பேச்சும் வந்தது. தைக்கிற மிஷினைப் பற்றி, சூப்பர்வைசரின் மீசையைப் பற்றி, அந்த மீசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயரைப் பற்றி. கிழவர் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில் அவள் குழறலாகச் சொன்னாள்: "இங்கயே இருந்தறலாம்னு இருக்குதுங்கப்பா."

இன்னொரு தடவை சொல்ல மாட்டாளா என்று பார்த்தார். அவள் கண்ணை மூடிவிட்டாள். தூங்கட்டும். அவருக்கும் தலை கனத்தது. எழுந்திருக்கப் பார்த்தார், கால் சொன்னபடி கேட்கவில்லை.

காப்பியோடு வந்த உஷா கதவைத் தள்ளினாள். கம்பளி தடுத்தது. தோளால் இடித்துத் திறந்தாள். அடுப்பைப் பார்த்ததும் டம்ளர்கள் கீழே விழுந்தன.

"மாமா, இத யாரு உள்ள கொண்டாந்தது?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. பேச்சியை உலுக்கினாள். தலை துவண்டு சரிந்தது. அக்குளில் கைகொடுத்துத் தூறலுக்கே இழுத்துப் போட்டாள். "ஏனுங்க, ஓடியாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டுக்கொண்டே திரும்பி வந்து, கிழவரையும் வாசலுக்குத் தள்ளினாள். பக்கத்து வீட்டு ஜீப் குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

ஆக்சிஜன் வைத்து வெகுநேரம் கழித்துத்தான் பேச்சி கண்ணைத் திறந்தாள். வாந்தி எடுத்தாள். தண்ணீர் கேட்டாள். நர்ஸ் ஐவி வெளியே வந்தாள்.

"கங்க உள்ள வெச்சது யாருங்க?"

காளிமுத்து அப்பாவைப் பார்த்தான்.

"நாந்தான்" என்றார் மாரிச்சாமி. "லைன் ஊட்டுல காலமெல்லாம் வெச்சோம். எவனுக்கும் ஒண்ணும் ஆகல."

"லைன் ஊட்டுல படுத்துக்கிட்டே ஓட்டு இடுக்குல நச்சத்திரம் பாக்கலாம் மாமா" என்றாள் உஷா. "கதவுக்கடியில பூனை போயிட்டு வரும். இங்க அந்தச் சந்துலயும் நீங்க கம்பளிய அடைச்சு வெச்சிருந்தீங்க."

ஐவி அவரிடம் மெதுவாகத்தான் சொன்னாள். "பொகை இல்லாட்டியும் கங்குல மோசமான வாயு வருமுங்க. அதுக்கு நெறமும் இல்ல, வாசமும் இல்ல. பூட்டுன ஊட்டுக்குள்ள தூங்கறவங்க தூங்குனபடியே போயிருவாங்க. வெளிய பத்த வெச்ச அடுப்பு வெளியதான் அணையணும், மழை வந்தாலும் குளிரடிச்சாலும். இன்னுங் கொஞ்ச நேரம் போயிருந்தா எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உங்களுக்கும் தலை வலிக்குதாங்க?"

"பனி" என்றார்.

"பனி இல்லீங்க. வாங்க, உங்களுக்கும் ஆக்சிஜன் வெக்கோணும்."

அவர் அசையவில்லை. உள்ளேயிருந்து பேச்சி கூப்பிட்டாள். கட்டிலருகே போய் நின்றார்.

"அடுத்த தடவ வெளியவே உக்காந்துக்கலாங்கப்பா. கம்பளி போத்திக்கிட்டு."

"வருவியா?"

"வருவனுங்க. கங்கு மட்டும் உள்ள வேண்டாம். உள்ள வெச்சா நான் படியே ஏற மாட்டேன்."

கிழவர் தலையாட்டினார். அவள் வந்தால் போதும், அடுப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆனால் நம்புவது வேறு. கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்குத் தெரியாத ஒன்று ஆளைக் கொல்லுமாம். இத்தனை வருசமாக வாய் திறக்காத மகளைப் பேச வைத்ததே அந்தக் கங்குதான். அதுவா அவளைக் கொல்லப் பார்க்கும்?

ஐவி பின்னாலிருந்து கூப்பிடக் கூப்பிட, "எல்லாம் பனிதான்" என்று முனகிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் வெளிவாசலைப் பார்த்து நடந்தார்.