லேப்டாப்புக்குத் தைத்த சட்டை

"அம்மா, உங்கள் தரப்பில் ஒரே இரைச்சல். மியூட் செய்துகொள்ளுங்கள்."

விசாரணைத் தலைவர் இதைச் சொன்னபோது ராமசெல்வி முதல் வாக்கியத்தையே முடித்திருக்கவில்லை. அவள் மியூட் செய்யும்வரை அவருக்குப் பொறுமையும் இல்லை. தானே அழுத்தி, அவள் திரும்ப எடுக்க முடியாதபடி பூட்டியும் விட்டார். ராமசெல்வி பேசினாள், கையை ஆட்டினாள், எழுந்து நின்று கத்தினாள். திரையின் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் அவள் தொட்டி மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டத்தில் கரி யார்டு மேனேஜர், ஒரு வார்த்தையும் பேசாமல், அரங்கேற்றத்துக்கு வந்த விருந்தினர்போல உட்கார்ந்திருந்தார். பேசவேண்டிய தேவையே அவருக்கு வரவில்லை. "புகார்தாரர் சொல்வது தெளிவாகக் கேட்காததால் ஒத்திவைக்கிறேன். அடுத்த அமர்வுதான் கடைசி" என்று சொல்லிவிட்டுத் தலைவர், முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருந்த தடித் தடிப் புத்தகங்களோடு மறைந்துபோனார்.

விம்கோ நகரில் ராமசெல்வி வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் யார்டு. துறைமுகத்திலிருந்து வரும் கரியைக் கொட்டி, கிரஷரில் நொறுக்கி, லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். இப்போது இருப்பது ஒரு கிரஷர். இரண்டாவதைப் பின்சுவரை ஒட்டியே நிறுத்த அனுமதி கேட்டிருக்கிறார்கள். ராமசெல்விக்குப் பிழைப்பு இட்லி மாவு. ஒரு கிரஷருக்கே மாவு சாம்பல் பூத்து, "இன்னாக்கா, கேவுரு கலந்துட்டியா?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்கிறார்கள். இரண்டாவது வந்தால் கிரைண்டரைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டியதுதான். விசாரணையில் அவளுக்குப் பேசக் கிடைத்தது சில நிமிடங்கள். அதையும் லேப்டாப் தின்றுவிட்டது.

மகள் மகிழினி பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது விட்டுச்சென்ற பழைய லேப்டாப் அது. பொத்தானை அழுத்தினால் கொஞ்சநேரம் சும்மா இருக்கும். பிறகு சரக்கேற்றிய லாரி பாலத்தில் ஏறுவதுபோல முனக ஆரம்பித்து, உச்சியை அடைந்தும் இறங்காமல் அங்கேயே நின்று அலறும்.

செய்தி கேட்டு செங்குட்டுவன் வந்தார். அவர் தெரு நலச்சங்கத் தலைவர். விசிட்டிங் கார்டில் 'தொழில்நுட்ப ஆலோசகர்' என்றும் போட்டிருந்தார். யாருக்கு ஆலோசகர் என்று போடவில்லை. லேப்டாப்பின் மேல் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"இது தெர்மல் மேனேஜ்மெண்ட் பிரச்சினைம்மா. சாதாரண ஆளுங்களுக்குப் புரியாது."

"புரியாட்டி போவுது. சத்தம் நிக்குமா, நிக்காதா? அத்தச் சொல்லு தலைவரே."

"அடியில ஐஸ் வைக்கணும்."

ஃபிரிட்ஜிலிருந்து ஐஸை எடுத்து, பாலிதீன் பையில் கட்டி, லேப்டாப்புக்கு அடியில் வைத்தார்கள். சத்தம் நிற்கவில்லை. பை ஓட்டை. மேசையிலிருந்து சொட்டிய தண்ணீரில் செங்குட்டுவனின் வெள்ளை வேட்டி நனைந்தது. "ஹ்யூமிடிட்டி ஒத்துவரல" என்று சொல்லிவிட்டு அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

ராமசெல்விக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பேசவிடாத விசாரணைத் தலைவர் மேல் கோபம், பேசாமலே ஜெயிக்கிற மேனேஜர் மேல் கோபம். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததோ லேப்டாப் மட்டும்தான். "உன்ன இப்பவே கடல்ல கடாசறேன் பாரு" என்று அதை அள்ளித் தூக்கினாள். அடுத்த நொடி கையை உதறினாள். லேப்டாப்பின் அடிவயிறு தோசைக்கல்லாய்க் கொதித்தது.

அந்த லேப்டாப் சட்டை போட்டிருந்தது. அந்தத் தெருவில் மனிதர்கள் வெறும் பனியனோடு இருப்பார்கள். சாமான்களுக்கு முழுச் சட்டை உண்டு. மிக்சிக்கு, டிவிக்கு, தண்ணீர் ஃபில்டருக்கு, சாமி படத்துக்குக்கூட. போடாவிட்டால் காலையில் துடைத்தது மாலையில் கறுத்துவிடும். எல்லாவற்றுக்கும் தைத்துக் கொடுப்பவள் எதிர்வீட்டு தஸ்னீம். லேப்டாப்புக்கும் அவள்தான் தைத்தாள். திரைக்கும் கீபோர்டுக்கும் மட்டும் திறப்பு விட்டு, மற்ற இடமெல்லாம் இழுத்துப் பிடிக்க எலாஸ்டிக். அடிபடக்கூடாது என்று அதைத் தலையணைமேல் வேறு வைத்திருந்தார்கள்.

ராமசெல்வி எலாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தாள். சட்டை கழன்று வந்தது. அலறல் ஒரு சுருதி இறங்கியது.

"தஸ்னீமு! ஓடியா!"

தஸ்னீம் தையல் மெஷினின் ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவந்தாள். லேப்டாப்பை அணைத்து, ஆறவிட்டு, அடித்தகட்டைக் கழற்றினார்கள். உள்ளே குட்டி ஃபேன். காற்று வெளியே போகும் சந்தை மறித்துக்கொண்டு கறுப்பாய், கம்பளித் துண்டுபோலப் படிந்த கரித்தூசி. பழைய டூத்பிரஷ்ஷால் நெம்பியதும் அப்படியே பெயர்ந்து வந்தது.

"அக்கா, நான் தச்ச சட்டையா அது கழுத்த நெரிச்சுது? அடியில டபுள் துணி வேற குடுத்தேனே!" தஸ்னீமுக்கு அழுகை முட்டியது.

"நீ இன்னாடி பண்ணுவ? நம்மள இந்தச் சட்டையெல்லாம் தைக்க வெச்சவன் ஒருத்தன் கீறான் பாரு, அவனச் சொல்லு."

மூடி, திருகி, வெறும் பலகைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினார்கள். ஃபேன் சுற்றுகிறதா என்று கையை வைத்துப் பார்க்கவேண்டியிருந்தது.

கடைசி அமர்வு நாளில் கிரைண்டரை நிறுத்தினாள், மின்விசிறியை நிறுத்தினாள், செல்போனையும் அணைத்தாள். தஸ்னீம் பக்கத்தில் உட்கார்ந்தாள். செங்குட்டுவனும் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, கேமராவில் பாதி முகம் தெரியும்படி இடம் பிடித்தார்.

"வணக்கம் சார். நான் ராமசெல்வி, விம்கோ நகரு. எங்க வூட்டுக்குப் பின்னால..."

"அம்மா, போன தடவையே சொன்னேன். திரும்பவும் அதே இரைச்சல். அவைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?" தலைவரின் விரல் நகர்வது தெரிந்தது.

"கை வெக்காத சார்!"

விரல் நின்றது. அவர் வாழ்நாளில் அவரிடம் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"லேப்டாப்ப ரிப்பேர் பண்ணிட்டேன் சார். மூச்சு வுடாம கீது. காத வெச்சிக் கேளு."

"அப்படியென்றால் கிரைண்டரா?"

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், பூப்போட்ட சட்டைக்குள் கிடந்த கிரைண்டரைக் காட்டினாள். மேலே நின்றுபோன மின்விசிறியைக் காட்டினாள்.

"மாண்புமிகு தலைவர் அவர்களே, இது ஒருவகை ரெசொனன்ஸ்..." என்று செங்குட்டுவன் நுழைந்தார்.

"தலைவரே, கொஞ்சம் கம்முனு குந்து" என்று ராமசெல்வி அவரை அடக்கினாள்.

எல்லோரும் வாயை மூடிய அந்த நேரத்தில்தான் ராமசெல்விக்கே அது காதில் விழுந்தது. கடகடகட, கொர்ர்ர், பிறகு ஒரு தொம். மறுபடி கடகடகட. வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு, இல்லாததுபோலவே ஆகிவிட்ட சத்தம். போன தடவை லேப்டாப்பின் அலறலுக்கு அடியில் இதுவும்தானே போயிருக்கும்!

"சார், அது லேப்டாப் இல்ல. பின்சுவுத்துக்கு அந்தாண்ட ஓடற கிரஷரு."

தலைவர் சிரித்தார். "ஒரு கிரஷர் வீட்டுக்குள் வந்து மைக்கில் பேசுமா? மேனேஜர், நீங்கள் சொல்லுங்கள்."

மேனேஜர் இரண்டு அமர்விலும் முதல்முறையாகத் தன் மைக்கைத் திறந்தார். அவர் உட்கார்ந்திருந்தது யார்டு ஆபீஸில். அங்கேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவர் காதும் ராமசெல்வி காதைப்போல மரத்துப்போயிருந்தது. இல்லாவிட்டால் அந்த அரைமணி நேரமாவது இயந்திரத்தை நிறுத்திவைத்திருப்பார்.

"சார், எங்கள் யார்டைப் பொறுத்தவரை சத்தம் என்பது அறவே..."

கடகடகட, கொர்ர்ர், தொம்.

அவர் வாய் அசைந்தது. வந்தது கிரஷர். ராமசெல்வி வீட்டில் கொர்ர் என்றபோது அங்கேயும் கொர்ர் என்றது. இங்கே தொம் என்றபோது அங்கே மேசைமேல் இருந்த டம்ளர் குதித்தது. தலைவர் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினார்.

"இன்னா சார், அவரு லேப்டாப்புக்கும் தஸ்னீம்தான் சட்டை தச்சாளா?"

தலைவரின் விரல் பழக்கதோஷத்தில் மியூட்டுக்குப் போனது. யாரை மியூட் செய்வது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"அவரயும் மியூட் பண்ணிடு சார், கரெக்டாப்பூடும்" என்றாள் ராமசெல்வி. "நான் ரெண்டு வாட்டி பேச வந்தேன். ரெண்டு வாட்டியும் அவரு மிஷின்தான் பேசிச்சு. அது பேசுனதுக்கு என் வாயக் கட்டுன."

தலைவர் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு, புத்தக அலமாரி முழுவதும் கேட்கும்படி, "நேரில் ஆய்வு செய்யாமல் இரண்டாவது கிரஷருக்கு அனுமதி கிடையாது. புதன்கிழமை நானே வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுக்கு" என்றார்.

"வா சார். முன்கூட்டியே அவங்களாண்ட சொல்லாம வா. சொன்னீனா அன்னிக்கு மட்டும் மிஷினு விரதம் இருக்கும்."

திரை அணைந்தது. செங்குட்டுவன் வேட்டியை உதறி எழுந்து, "நான் அப்பவே சொன்னேனே, ரெசொனன்ஸ்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. பின்சுவருக்கு அப்பால் அது அரைத்துக்கொண்டுதான் இருந்தது.

தஸ்னீம் மூலையில் கிடந்த லேப்டாப் சட்டையை எடுத்தாள். "இத இன்னாக்கா பண்றது? பிரிச்சுடட்டுமா?"

"பிரிக்காத. தோச்சு வை. புதங்கெழம வர்ற அந்த ஆளு மூஞ்சி தொடைக்கத் துணி வேணும்ல?"