பெட்டி எங்களுடையது

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். என் தவறு எந்த இடத்தில் தொடங்கியது என்று அப்போதாவது தெரியலாம்.

பகலில் எனக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, மாலையில் மொழிபெயர்ப்பு வகுப்பு. வகுப்புக்கு முன்னால் சலேஹா அக்காவின் கடையில் சாப்பிடுவேன். அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பா ஷேக் அலாவுதீன், அந்தக் காலத்தில் தமிழ்ப் படங்களை வாங்கி மலாயா முழுவதும் ஓட்டியவர். அவர் விட்டுப்போனதில் மிஞ்சியது ஒரு பழைய படத்தின் பிரதி, பதினான்கு சுருள்கள். அக்கா அவற்றை ஏர்கோன் அறையில் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்துத் திருப்பி வைப்பார். முப்பது வருடமாக.

அந்தப் படத்தை எடுத்த ஸ்டூடியோ மூடி வெகுகாலமாகிறது. அதன் படங்களெல்லாம் கைமாறிக் கைமாறி இப்போது கோலாலம்பூரில் ஒரு கம்பெனியிடம் இருக்கின்றன. அவர்களிடம் இருப்பது உரிமைதான்; மூலச்சுருள் சென்னையிலேயே மக்கிவிட்டது. புளூரே டிஸ்க்காக வெளியிட அக்காவின் பிரதி தேவைப்பட்டது. கம்பெனியின் தியாகராஜன் போனில் முதலில் கேட்டதே, பெட்டி நல்லா இருக்கா என்றுதான்.

அக்கா ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனை, ஸ்கேன் முடிந்ததும் திரும்பி வரவேண்டும்.

“படம் உங்களோடதுதான், அதுல எங்களுக்குப் பேச்சே இல்ல. ஆனா பெட்டி எங்களோடது. வேலை முடிஞ்சதும் பெட்டிய அனுப்பிடணும். இத அப்படியே இங்கிலீஷ்ல எழுது தேனு.”

அப்படியே எழுதினேன். படத்துக்கு ஃபிலிம், பெட்டிக்கு பாக்ஸ். பெட்டி என்றால் உள்ளே இருப்பதும் சேர்த்திதானே என்று நினைத்தேன். ஆனாலும் சந்தேகம் தீராமல் மூன்று அகராதிகள் பார்த்தேன். அக்காவைக் கேட்கவில்லை. இதுகூடத் தெரியாதா என்பாரோ என்று கூச்சம். அவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, சுருள்களோடு அனுப்பினார்.

ஐந்து மாதம் கழித்து லாரியில் பதினான்கு தகரப் பெட்டிகள் வந்தன. ஒன்றைத் தூக்கியதுமே அக்காவின் முகம் மாறியது. எல்லாம் காலி. கூடவே ஒரு டிஸ்க்கும் கடிதமும்: தங்கள் கடிதத்தின்படி பெட்டிகள் திருப்பி அனுப்பப்படுகின்றன, ஃபிலிம் எங்கள் சேகரிப்பில் சேர்க்கப்பட்டது.

படத் தொழிலில் பெட்டி என்றாலே சுருள்கள்தான் என்று அன்றுதான் அக்கா சொன்னார். பெட்டி வந்தாச்சா, பெட்டி எந்த ஊரில் ஓடுது என்றுதான் அத்தா வாழ்நாளெல்லாம் பேசினாராம்.

தவறு என்னுடையது என்று கம்பெனிக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுவாரம் கடையிலிருந்தே போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். தியாகராஜன் கோபப்படவில்லை.

“பெட்டின்னா என்னான்னு எனக்குத் தெரியாதா தங்கச்சி? நாப்பது வருஷமா இந்த பிசினஸ்லதான் இருக்கேன். ஆனா எங்க லாயர் படிக்கிறது லெட்டரத்தான்லா. அக்காவே சைன் போட்டிருக்காங்க.”

நான் சரியாக எழுதியிருந்தாலும் வேறொரு சொல்லைப் பிடித்திருப்பார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போதே அது எனக்காகச் சொல்லிக்கொண்டது என்று தெரிந்தது.

“அவன் தெரிஞ்சு செஞ்சான். நீ என்னைக் கேட்டிருக்கலாம்ல, பக்கத்துலதானே நின்னேன்,” என்றார். பிறகு டிஸ்க்கை உறை பிரிக்காமலே என் பக்கம் தள்ளினார். “இத நீயே வச்சுக்க. இனிமே எனக்கு ஒண்ணும் எழுதித் தர வேணாம்.”

வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. நன்றி என்று ஓடிய பெயர்களில் ஷேக் அலாவுதீன் இருக்கிறாரா என்று மூன்று முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். இல்லை.