காயாத பலகை

விடிய இன்னும் நேரம் கிடந்தது. ஓடையில் கால் வைத்ததும் எலும்புவரைக்கும் குளிர் ஏறியது. சும்மாட்டை அழுத்தி, ஆளுக்கொரு கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டு வழுக்குப் பாறைமேல் வரிசையாக நடந்தோம். காலில் அட்டை கடித்தால் பிடுங்கவும் வழியில்லை. குனிந்தால் கல் நமக்கு முந்தி விழும்.

சிவகிரிக்கு மேற்கே எட்டு மைல், நடுக்காடு. சங்கரன்கோவில் பக்கத்து ஜனங்கள் வந்து குளித்து, விளையாடி, காற்று வாங்கிப் போக அங்கே ஒரு பொழுதுபோக்கு மையம் கட்டினார்கள். அவர்கள் எங்கே கட்டினார்கள், நாங்கள்தான் கட்டினோம். எங்கள் ஊர் பனவடலிசத்திரத்தில் இரண்டு வருஷமாக மழை இல்லை. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஐம்பத்திமூன்றாம் வருஷம் நாற்பது பேர் கூலிக்கு மலையேறினோம்.

மறுநாள் திறப்பு விழா. பெரிய அதிகாரி வருகிறார் என்று காண்ட்ராக்டர் முத்துக்குமாரசாமி எங்களைச் சாமத்திலிருந்தே விரட்டினார். குளிக்கிற தொட்டிக்கு ஒரே ஒரு பாறை பாக்கி. அதை இழுக்கிற வடம் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. மேஸ்திரி இசக்கிப்பாண்டி மூன்று நாளாகச் சங்கிலி கேட்டுக் கும்பிட்டார். இன்னும் ஒரு கல்லுக்குச் சங்கிலி எதுக்கு என்று கேட்டார் காண்ட்ராக்டர்.

பொழுது நன்றாக விடிந்தபிறகு வடம் அறுந்தது. பாறை சரிந்து, வெள்ளத்துரையின் முழங்காலுக்குக் கீழே ஏறி நின்றது. அவன் பெண்டாட்டி தங்கத்தாய் என் பின்னால் கல்லோடு வந்துகொண்டிருந்தாள். கடப்பாரையால் நெம்பி அவனை வெளியே இழுத்தோம். கால் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. தங்கத்தாய் சேலையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டினாள். கட்டக் கட்ட நனைந்துகொண்டே போனது.

லாரி முப்பதடி தள்ளி நின்றது.

"லாரியக் குடுங்க மொதலாளி. சிவகிரி ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்திருதோம்," என்றார் இசக்கிப்பாண்டி.

முத்துக்குமாரசாமி வெள்ளத்துரையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார். முந்தின நாள்தான் அதில் செம்மண் விரித்து, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்திருந்தோம்.

"நாளைக்கு அதிகாரி காரு வார ரோடு. ஈரத்துல லாரிய விட்டா பள்ளம் விழுந்திரும். நாலு பேரு தூக்கிட்டுப் போங்க. மத்தவன் வேலையப் பாரு."

"ஆளு செத்துருவான் மொதலாளி."

"நானா அவன அங்கன நிக்கச் சொன்னேன்?"

தங்கத்தாய் அவர் காலில் விழுந்தாள். அவர் செருப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பாவி, அதை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்.

வாசலில் மாட்டுவதற்கென்று ஆறடி நீளத் தேக்குப் பலகை ஒன்று முளைகள்மேல் காய்ந்துகொண்டிருந்தது. சங்கரன்கோவிலில் கடைகளுக்குப் போர்டு எழுதும் முகம்மது மைதீன் அண்ணாச்சி கறையானுக்குப் பயந்து இரண்டு பக்கமும் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தேன்.

"காயலியே, ஆவுடை," என்றார் தொழில் பழக்கத்தில். சொல்லிக்கொண்டே மறுமுனையை அவரே தூக்கினார்.

சாக்கை விரித்து வெள்ளத்துரையைப் படுக்கவைத்தோம். பன்னிரண்டு பேர் துணிந்து கிளம்பினோம். மேஸ்திரியும் மற்றவர்களும் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். வீட்டில் உலை வைக்க வேண்டுமே. எட்டு மைலும் தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தோம். சாக்கைத் தாண்டி ரத்தம் என் கழுத்தில் இறங்கியது. வழியில் ஒரே ஒரு தடவை அவன் வாய் திறந்தான்.

"ஏட்டி, காலு இருக்கா?"

"இருக்கு," என்றாள் தங்கத்தாய்.

சிவகிரியில் கட்டுப்போட்டு, உடனே பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பிழைத்துவிடுவான் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அவனோடு தங்கத்தாய் மட்டும் வண்டியேறினாள். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் பலகையோடு உட்கார்ந்தோம்.

மத்தியானம் அதே லாரி வந்தது. ஒரு மனுஷ உயிருக்கு இறங்காத வண்டி பலகைக்காக இறங்கி வந்தது. முன்னால் காண்ட்ராக்டரும் ஒரு போலீஸ்காரரும். பின்னால், பலகையை ஏற்றுவதற்கு மேஸ்திரியும் மிச்ச ஆட்களும். பலகையைத் தூக்கினது திருட்டு, கையில் பச்சை பெயிண்ட் இருக்கிறவனெல்லாம் ஸ்டேஷனுக்கு, இல்லாதவன் வேலைக்கு என்றார் காண்ட்ராக்டர்.

மைதீன் அண்ணாச்சி பெயிண்ட் துடைக்கிற மண்ணெண்ணெய்த் துணியை இடுப்பிலிருந்து உருவி என் மடியில் போட்டார். "துடைச்சிரு தாயி. ரெண்டு புள்ள கெடக்கு உனக்கு."

பொய் சொல்லுவானேன், துடைத்தேன். கஞ்சிக்குக் காத்திருக்கும் இரண்டு முகமும் கண்ணுக்குள் வந்து நின்றன. ஒரு உள்ளங்கை வெளுத்துவிட்டது.

இசக்கிப்பாண்டி இறங்கி வந்தார். பலகையைத் தூக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்து, ஈரம் மாறாத அடிப்பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தார். போலீஸ்காரர் முன்னால் போய்க் கையை விரித்தார்.

"சங்கிலி குடுங்கன்னு மூணு நாளு கும்பிட்ட கை இது. இதையும் எழுதிக்கிடுங்க."

லாரியிலிருந்து ஒருத்தன் குதித்தான். பிறகு இன்னொருத்தன். எல்லோரும் இறங்கி வந்து பலகையைத் தொட்டார்கள். நானும் துணியைத் தூரப் போட்டுவிட்டு, வெளுத்த கையை மறுபடியும் பெயிண்டில் வைத்தேன்.

"இத்தன பேருக்கு ஸ்டேஷன்ல எடம் கெடையாது அண்ணாச்சி," என்றார் போலீஸ்காரர், காண்ட்ராக்டரிடம் மெல்ல.

காண்ட்ராக்டர் தொண்டை கிழியக் கத்தினார். நாங்கள் சொன்னது கொஞ்சம்தான். வெள்ளத்துரை வைத்தியத்துக்கு அவர் பொறுப்பு. புதுச் சங்கிலி வர வேண்டும். அடிபட்ட ஆளுக்கு லாரி ஓட வேண்டும். அதுவரைக்கும் ஒரு கல்லும் நகராது.

"நாளைக்கு அதிகாரி வாராரு, ஏலே," என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வரட்டும். இங்கனதான் இருப்போம்," என்றேன் நான்.

சாயங்காலம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு பஸ் வந்தது. ஓடிப்போய்க் கேட்டோம். வெள்ளத்துரையைப் பற்றிச் சேதி ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, இருந்த அத்தனை பேரும் அந்தப் பலகையைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் கையைத் துடைக்கவில்லை.