தோற்றவரின் வாய்மொழி

பாலகுமாரின் பட்டியலில் அவன் மனைவி தேவயானி நான்காம் இடத்தில் இருந்தாள். பல மாதங்களாக அங்கேயே இருந்தாள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை. அவர்களுடைய சுரங்க குவார்ட்டர்ஸில் பேச்சைவிடப் பேசாமல் விட்டதுதான் அதிகம்.

எம்.எம்.ஏ என்பது கூண்டுக்குள் நடக்கும் சண்டை. குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளிக் கையை முறுக்கலாம். வலி தாங்காமல் கையால் தட்டினால் தோல்வி, அதற்கு சப்மிஷன் என்று பெயர். தமிழ்நாட்டில் அது கல்யாண மண்டபத்திலோ கல்லூரி அரங்கிலோ நடக்கும், மறுநாளே யாருக்கும் நினைவிருக்காது. ஜெயித்தவர் ஒரு வெற்றியைக் கூட்டிச் சொல்வார், தோற்றவர் ஒரு தோல்வியை மறந்துவிடுவார். சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட்டுகளைக் கவனிக்கும் கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் பார்க்கும் பாலகுமாருக்கு இது பொறுக்கவில்லை. தென் மாநிலங்களில் நடக்கும் தொழில்முறைச் சண்டைகளை மட்டும் விசாரித்து, யாருக்கு எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று இணையத்தில் ஏற்றத் தொடங்கினான். பிறகு எடைப் பிரிவுவாரியாகத் தரவரிசையும் போட்டான். இதில் அவனுக்குப் பைசா வரவில்லை. ஆனால் சண்டை நடத்துகிறவர்கள் ஆளைக் கூப்பிடுமுன் அவன் பக்கத்தைத்தான் திறந்து பார்த்தார்கள்.

அவனுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு முடிவைச் சேர்க்க இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று, அமைப்பாளர் தரும் தாள். மற்றொன்று, சண்டையின் வீடியோ. வீடியோ இல்லாவிட்டால் தோற்றவரின் வாய்மொழி போதும். தான் தோற்றதாக எவரும் பொய் சொல்லமாட்டார்கள் அல்லவா. அதனால் தோற்றவர்களுக்கு அவன் போன் செய்வான். முதலில் காயம் எப்படி இருக்கிறது என்று கேட்பான். பதிலை முழுக்கக் கேட்டுக்கொண்டு, சற்றுப் பொறுத்து, இரண்டாவதாகத் தோற்றது உண்மையா என்று கேட்பான்.

தேவயானி அவனுக்கு அறிமுகமானதே அப்படித்தான். அப்போது அவள் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஜூடோவிலிருந்து எம்.எம்.ஏவுக்கு வந்தவள். ஒருநாள் அவனுக்கு எழுதினாள்: ‘சார், உங்க லிஸ்ட்ல நான் தோத்தது ஒண்ணு விட்டுப்போச்சு. சேத்துக்குங்க.’ அந்தச் செய்தியை அவன் பலமுறை படித்தான். அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது.

சிக்கல் பாண்டிச்சேரியில் வந்தது. அங்கே தேவயானி, பட்டியலில் இரண்டாவதாக இருந்த பண்ருட்டி அப்சானாவை வென்றாள். அமைப்பாளரின் தாள் வந்துவிட்டது. வீடியோ எடுக்க வந்த கல்யாண போட்டோகிராபர் அந்த நேரம் பார்த்துச் சாப்பிடப் போய்விட்டார். பாலகுமாரின் போனில் ஒரு வீடியோ இருந்தது. அதில் தரையும் செருப்புகளும் கூச்சலும்தான் இருந்தன. விதிப்படி அப்சானாவிடம் கேட்டிருக்க வேண்டும். எல்லாத் தோற்றவர்களையும் கேட்டவன் அவளை மட்டும் கேட்கவில்லை. புருஷனே போய்ப் பெண்டாட்டியின் வெற்றிக்குச் சாட்சி தேடினால் பட்டியலை யார் நம்புவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த வெற்றி சேராமலே கிடந்தது.

சனிக்கிழமை காலை அவன் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தேவயானி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னாள்.

“பெங்களூர்ல பெரிய ஈவென்ட் வருதாம். நம்ம வெயிட்ல முதல் மூணு பேரத்தான் கூப்பிடறாங்களாம். நாளைக்கு லிஸ்ட் பாத்து முடிவு பண்றாங்க.”

“தெரியும்.”

“தெரியுமா. சரி.”

டிபன் பாக்ஸை அவன் பையில் வைத்தாள். ஜிப்பை இழுத்தாள்.

“ஆவணி வந்தா எனக்கு முப்பத்திரண்டு. இதுக்கப்புறம் எவனும் கூப்பிடமாட்டான். உங்கள ஒண்ணும் கேக்கல நான். சும்மா சொன்னேன்.”

அன்று கன்ட்ரோல் ரூமில் பெல்ட்டுகள் ஓடுவதைப் பார்த்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்து சீட் சின்னதுரை இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் காதில் விழவில்லை. ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் பண்ருட்டிக்கு பைக்கைத் திருப்பினான்.

அப்சானா வீட்டாருக்கு பஸ் ஸ்டாண்டு அருகே முந்திரிக் கடை. தராசுக்குப் பின்னால் அவளுடைய அண்ணன் தௌசீப் உட்கார்ந்திருந்தான். அப்சானா முறத்தில் முழுப்பருப்பையும் உடைந்ததையும் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கையை நிறுத்தவில்லை.

“வாங்க பாலா சார். இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

“கை எப்படிம்மா இருக்கு?”

அப்சானா சிரித்துவிட்டாள். “அது எப்பவோ ஆறிப்போச்சு. ரெண்டாவது கேள்விக்கு வாங்க. தோத்தவங்ககிட்ட எல்லாம் ஒண்ணு கேப்பீங்களே.”

பாலகுமார் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

“அவரு முந்திரி வாங்க வந்திருப்பாரு. நீ வேற” என்றான் தௌசீப்.

“இவரா? இது முந்திரி வாங்குற மூஞ்சியா?”

ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போய் ஓயும்வரை பாலகுமார் காத்திருந்தான்.

“இப்ப நீ ரெண்டாவது இடத்துல இருக்கேம்மா. நான் கேட்டு, நீ ஆமான்னு சொன்னா நாலாவதுக்குப் போயிடுவே. பெங்களூரும் உனக்கு இல்லாமப் போயிடும். அதச் சொல்லிட்டுக் கேக்கறதுதான் முறை.”

“இன்னும் கேக்கவே இல்லியே.”

“பாண்டிச்சேரில தேவயானிகிட்ட தோத்தியா?”

“தோத்தேன்.”

முறத்தை ஒருதரம் தட்டினாள். பருப்பு சமமாகப் பரவியது.

“எப்படித் தோத்தே?”

“ஏன், நீங்கதான் கூண்டுக்கு வெளியவே போனைத் தூக்கிப் புடிச்சிகினு நின்னீங்களே.”

“கண்ண மூடிட்டு நின்னேன்.”

தௌசீப் வாயைப் பொத்திக்கொண்டான். அப்சானா சிரிக்கவில்லை.  எழுந்து முறத்தை ஓரமாக வைத்தாள்.

“ண்ணா, அந்தச் சாக்கு மேல படு.”

“போடி. வியாபார நேரத்துல.”

“படுன்றேன். சார் ஊர்ல எல்லார் சண்டையும் எழுதி வெச்சுகினு இருக்காரு, பொண்டாட்டி சண்டைய மட்டும் பாக்கல.”

தௌசீப் முனகிக்கொண்டே முந்திரி மூட்டைமேல் சாய்ந்தான். அப்சானா அவன் கையைப் பிடித்தாள்.

“முதல் ரவுண்டு என்னோடது. தேவயானி அக்கா மூக்குல ஒண்ணு உட்டேன், ரத்தம் கொட்டுது. அது சிரிக்குது சார். ரெண்டாவது ரவுண்டுல நான் மேல ஏறிட்டேன், கதை முடிஞ்சுதுன்னு நெனச்சுகினு இருக்கேன், கீழ கிடந்தபடியே காலத் தூக்கி என் கழுத்து மேல போட்டுச்சு பாருங்க. கை இப்படி மாட்டிகிச்சு.”

“ஏய், வலிக்குதுடி” என்று தௌசீப் மூட்டையைப் படபடவென்று தட்டினான்.

“இவன் உடனே தட்டிட்டான். நான் தட்டல. வீம்பு. எலும்பு ஒடைஞ்சிடும்னு அக்காவுக்குத் தெரியும். ஒரே இழுப்பு இழுத்திருந்தா முடிஞ்சுது. இழுக்கல. ‘தட்டுடி, தட்டுடி தங்கம்’னு கெஞ்சுது. சண்டையில எதிராளிய எவளாவது கெஞ்சுவாளா? சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. தட்டிட்டேன்.”

கையை விட்டாள். தௌசீப் தோளைத் தேய்த்தபடி தராசுக்குத் திரும்பினான்.

“ஈவென்ட் நடத்தினவன் தந்த தாள்ல ரெப்ரி நிறுத்தினார்னு தப்பாப் போட்டிருக்கான். நான் தட்டித்தான் தோத்தேன். அப்படியே எழுதுங்க.”

“எழுதறேன்.”

“மறுநாளே போன் பண்ணுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். பண்ணல. லிஸ்ட் வந்துச்சு, பாத்தா நான் இன்னும் ரெண்டாவது. மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நானா போன் போட்டு தோத்தேன்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவ இல்ல சார். கேட்டா மறைக்கக்கூடாதுன்னு மட்டும் இருந்தேன்.” மறுபடி முறத்தின் முன் உட்கார்ந்தாள். “நேர்மைக்காகத்தான் கேக்காம உட்டீங்களா, இல்ல அக்கா பெரிய எடத்துல போய் அடிவாங்கிடும்னு பயந்துகினு உட்டீங்களா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் உடைந்த பருப்பைப் பிரிக்கத் தொடங்கினாள்.

திரும்பும் வழியில் காடாம்புலியூர் வந்ததும் பலாப்பழம் குவித்திருந்த ஒரு மரத்தடியில் பைக்கை நிறுத்தினான். நான்காம் இடத்தில் இருப்பவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாதவர்களுக்கு மூக்கு உடைவதில்லை. இது அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். தெரிந்ததை விதிக்குள் சுருட்டி வைத்திருந்தான். பழக்காரர் இரண்டு தடவை விலை சொல்லிப் பார்த்துவிட்டு அவன் போக்கில் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை தேவயானி தோசை வார்க்கும்போது பட்டியலை மாற்றி ஏற்றினான். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் இடது கையால் போனைத் தள்ளிப் பார்த்தாள். திரை ஓரிடத்தில் நின்றது. தோசையும் பாதியில் நின்றது.

“அப்சானா நாலாவதா?”

“நாலாவது.”

“கேட்டீங்களா அவள?”

“நேத்துப் போய்க் கேட்டேன்.”

அவள் இன்னொரு முறை வாசித்தாள். “சப்மிஷன்னு போட்டிருக்கீங்க. தாள்ல ரெப்ரி ஸ்டாப்னு இருந்துதே.”

“தட்டித்தான் தோத்தேன்னு அவளே சொல்லி எழுதச் சொன்னா. நீ கெஞ்சினதையும் சொன்னா.”

தேவயானி தலையைக் குனிந்துகொண்டாள். காதோரம் சிவந்தது. “அதெல்லாம் ரெக்கார்டுல வராதே?”

“வராது.”

“ஏன் இத்தன நாள் கேக்கல?”

“பயந்துட்டேன்.”

“ம்” என்றாள். கோபமா இல்லையா என்று அந்த ஒற்றை எழுத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

பத்து மணிக்குமேல் பெங்களூரிலிருந்து போன் வந்தது. அவள் நின்றபடியே பேசினாள். சரி, சரி என்று இரண்டு தடவை சொன்னாள். தேதியையும், அதற்குள் குறைக்க வேண்டிய எடையையும் திருப்பிச் சொன்னாள். பிறகு எதிராளி யார் என்று கேட்டாள். பதில் வந்ததும் அவள் கண் பாலகுமார் பக்கம் திரும்பியது. போனை வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“மணிப்பூர்ப் பொண்ணு” என்று பெயரையும் சொன்னாள். “ரெக்கார்டு?”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை. அவனிடம் கேட்பது முறையில்லை என்று எண்ணித் தன் எதிராளிகளைத் தானே தேடிக்கொள்வாள். பட்டியலில் இல்லாவிட்டாலும் அந்த மணிப்பூர்ப் பெண்ணின் ஒவ்வொரு சண்டையும் பாலகுமாருக்கு மனப்பாடம். கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

“தோத்ததே இல்ல” என்றான். “பாதிக்கு மேல முதல் ரவுண்டுலயே முடிச்சிருக்கா. இடது கைக்காரி. நின்னு அடிச்சா தாங்கமுடியாது.”

“கீழ இழுத்தா?”

“இதுவரைக்கும் அவள யாரும் கீழ இழுக்கல.”

தேவயானி அதை யோசித்தாள். வெளியே காய்கறி வண்டிக்காரர் பிளாக் முழுக்கக் கூவிவிட்டுத் திரும்பிப் போனார். பாலகுமார் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவள் எழுந்து சமையலறைக்குப் போய், மதியத்துக்கு அளந்து வைத்திருந்த அரிசியில் தன் பங்கை அள்ளி டப்பாவில் திருப்பிக் கொட்டினாள்.