பாடு திருடின துளசிங்கம்

எங்கள் குப்பத்தில் துளசிங்கம் என்று இரண்டு பேர். ஒருவன் டீக்கடை துளசிங்கம். இன்னொருவன் பாடு திருடின துளசிங்கம். டீக்கடை வைத்திருப்பவன் நானில்லை.

ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடுக்காரன் வராவிட்டாலும் அன்றைக்கு அந்த இடம் சும்மா கிடக்க வேண்டும். அடுத்தவன் வலை இறங்கக் கூடாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கண்ணப்பனின் பாடு நாளில் அவன் இடத்தில் என் வலை இறங்கியது. நாள் மறந்துவிட்டது என்று பஞ்சாயத்தில் சொன்னேன். ஊர் முன்னால் விழுந்து கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டேன். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தவன் நான் ஒருவன்தான். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள்கூட வாசலில் நின்று, "பாடு திருடின துளசிங்கம் வூடு இதானே?" என்று மரியாதையாகத்தான் கேட்கிறார்கள்.

டீக்கடைக்காரன் வேறு ஊருக்குப் போய்விட்டால் நான் வெறும் துளசிங்கம் ஆகிவிடலாம். அவன் போகிறவனாகத் தெரியவில்லை. போன மாதம் கடைக்குப் புதுக் கூரை போட்டிருக்கிறான்.

இந்த நிலைமையில்தான் ஜேம்ஸ் சார் வந்து சேர்ந்தார். புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறார், காசு வாங்குவதில்லை. நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களால்தான் எனக்குத் தொந்தரவு வருகிறது. பத்தாவது படிக்கிற என் மகள் சுபஸ்ரீ ஒரு திங்கட்கிழமை நோட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"இந்த வாரம் ஃபுல்லா ரிலேட்டிவ் கிளாஸ்னு கிராமர் பாடம் நைனா. ஒரு ஆள சொல்லிட்டு, அந்த ஆளு இன்னா பண்ணாருனு 'ஹூ' போட்டு பேரோட ஒட்டணும்."

"நம்ம ஊர்ல அத இங்கிலீஷ் இல்லாமலே பண்றாங்களே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சார் இரண்டு டப்பாவில் ஊர்க்காரர் பெயர்களை எழுதிப் போட்டுக் குலுக்கினாராம். ஒரு சீட்டு யாரைப் பற்றி எழுதுவது என்று. இன்னொன்று யாரிடம் போய்க் கேட்பது என்று. அவர் சொல்வதை அப்படியே இங்கிலீஷில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பெரிய சார்ட்டில் எழுதி, ஊரே பார்க்கக் கட்டடத்துச் சுவரில் மாட்டுவார்கள்.

"உனக்கு யாரு வந்துச்சு?"

"துளசிங்கம். கண்ணப்பன் மாமாகிட்ட கேக்கணும்." நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எந்தத் துளசிங்கம்னு சார் கேட்டாரு. பசங்க சொன்னாங்க."

பசங்க என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஜேம்ஸ் சாரிடம் போய், என் மகளுக்கு வேறு சீட்டு எடுத்துக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "பாடு எடுக்குற ஊருக்காரர் நீங்க. விழுந்த சீட்ட மாத்தலாமாங்க?" என்றார். பசங்க சொன்ன பெயர்தான் அவருக்குத் தெரியும், அதன் பின்னால் இருக்கும் கதை தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பயிற்சி நடந்தது. என் பெண்டாட்டி இருசம்மாள் கத்துகிற பெண், பக்கத்து வீட்டு தினகரன் குறட்டை விடுகிற ஆள் என்று சுபஸ்ரீ ஒவ்வொருவருக்கும் ஒன்று ஒட்டினாள். "கத்தாம இந்த வூட்ல எது நடக்குது?" என்று இருசம்மாள் கத்தினாள். என்னைப் பற்றி மட்டும் என் மகள் ஒரு வாக்கியம்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. என்னைவிட அவளுக்கு அதிகமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை அவள் கண்ணப்பனிடம் போகப் போகிறாள் என்று தெரிந்ததும், வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போனேன். எட்டு வீடு தள்ளித்தான் இருக்கிறான். பதினோரு வருஷமாக அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்ப் பழகிவிட்டதால் வழி புதிதாகத் தெரிந்தது. வாசலில் படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மோட்டாரில் குனிந்தான்.

"நாளைக்கு எம்பொண்ணு வருவா. என்னப் பத்தி ஒண்ணு கேப்பா, இங்கிலீஷ் பாடத்துக்கு."

"கேக்கட்டும்."

"நல்லதா ஒண்ணு சொல்லு கண்ணப்பா."

"சொல்றதுக்கு இன்னா கீது?"

நியாயமான கேள்வி. யோசித்துப் பார்த்தேன். அவன் பார்க்க நான் நல்லது ஒன்றுமே செய்ததில்லை. வாயில் வேறு ஏதோ வந்துவிட்டது.

"அன்னிக்கு நான் நாள் மறக்கல. உன் பொண்டாட்டிக்கு பொன்னேரி ஆஸ்பத்திரில பிரசவம்னு தெரியும். நீ வரமாட்டனு தெரிஞ்சுதான் வலை கட்னேன்."

"தெரியும்."

"எப்போத்துலருந்து?"

"அப்பவே. ஊருக்கே தெரியும். நீ ஒருத்தன்தான் மறந்துட்டேன்னு சொல்லிகினு இருந்த." ஸ்பேனரைக் கீழே வைத்தான். "இத்த சொல்லவா வந்த?"

பொய் சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷப் பழக்கம் கையில் இருந்தது.

"இல்ல. சார்ட்டுக்குத்தான் வந்தேன்."

"நெனச்சேன்" என்றான். ஸ்பேனரை மறுபடி எடுத்துக்கொண்டு, "இத்த புடி" என்று மோட்டாரின் மூடியை நீட்டினான். பிடித்தேன். அவன் உள்ளே எதையோ முறுக்கி முடிக்கிற வரை, அரை மணி நேரம், பிடித்துக்கொண்டே நின்றேன்.

சனிக்கிழமை சுபஸ்ரீ போய்விட்டு வந்தாள். நேராக வகுப்புக்குப் போய் சாரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். நான் வலையை உதறிக்கொண்டிருந்தேன். உதற அதில் ஒன்றும் இல்லை.

"இன்னா சொன்னான்?"

"துளசிங்கம் இஸ் தி மேன் ஹூ கேம் டு மை ஹவுஸ்."

"தமிழ்ல சொல்லு."

"என் வூட்டுக்கு வந்த ஆளு துளசிங்கம். அவ்ளோதான் நைனா. வேற ஒண்ணுமே சொல்லல. மூணு தடவ கேட்டுட்டேன்."

வலையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மகள் பார்க்காமல் திரும்பி மூக்கைச் சிந்தினேன்.

அவளுக்கு ஒரே கவலை. "இதுல இன்னா இருக்குதுனு சார் கேக்குறாரு. எல்லாரும்தான் எல்லார் வூட்டுக்கும் போறாங்க, பாக்குறவங்களுக்கு ஒண்ணும் புரியாதுன்றாரு. இன்னும் கொஞ்சம் சேக்கணுமாம். உன்னையே கேட்டு சேத்துக்க சொல்லிட்டாரு." பேனாவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா சேக்கட்டும்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தவன் நான். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. புயலடித்த நாளில் முகத்துவாரத்திலிருந்து இரண்டு பேரை இழுத்து வந்தவன் என்று சொல்லலாம். அது உண்மை, அந்த இரண்டு பேரே மறந்துவிட்டார்கள். குடிக்காதவன் என்று சொல்லலாம். அதுவும் முக்கால்வாசி உண்மை. எதைச் சொன்னாலும் என் மகள் எழுதிவிடுவாள், நாளைக் காலையில் அது சுவரில் இருக்கும்.

"பதினோரு வருஷம் கழிச்சுனு சேத்துக்கோ" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து எழுதினாள்.

"அந்தப் பதினோரு வருஷத்த மட்டும் சின்ன எழுத்துல போடட்டுமா நைனா?"

"வேணாம். எல்லாம் ஒரே அளவா போடு" என்றேன்.