நாலாம் மாடியில் நிற்கும் லிப்ட்

'சொறி நாயை ஞாயிறு காலை பதினோரு மணிக்குள் அப்புறப்படுத்தவும். தவறினால் கமிட்டி நடவடிக்கை எடுக்கும். இப்படிக்கு, செயலாளர்.'

லிப்டுக்குள் ஒட்டியிருந்தார்கள். அதுவும் பட்டன்களுக்கு நேர் மேலே. அந்தக் கட்டடத்தின் லிப்டைப் பழுது பார்ப்பவள் அவள். ஏழாம் மாடியில் அப்பாவோடு குடியிருப்பவளும் அவளே. நாயின் பெயரும் பட்டன். செயலாளர் யோசித்துத்தான் பசை தடவியிருக்கிறார்.

இன்று சனிக்கிழமை. கையில் ஒரு பகல், ஒரு இரவு.

பட்டன் வீட்டுக்குள் காதைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. அக்குள் சிவந்து, அடிவயிற்றில் முடி கொட்டி, பாதம் நக்கி நக்கிப் பழுப்பேறியிருந்தது. ஆறு மாதமாக இதே பாடு. உண்ணி மருந்து, ஷாம்பு, களிம்பு, எதற்கும் மசியவில்லை. தோலைச் சுரண்டிப் பார்த்த நாய் டாக்டரம்மா, "பூச்சி இல்ல, யாருக்கும் ஒட்டாது. ஏதோ சாப்பாடு ஒத்துக்கல. எட்டு வாரம் நான் தர்ற தீனி மட்டும். வேற ஒரு துணுக்கு உள்ள போனாலும் கணக்கு முதல்லேருந்து" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

இது ஏழாவது வாரம். நேற்று டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யாரோ ஊட்டுறாங்க."

"வீட்டுல நானும் அப்பாவும்தான் டாக்டர்."

"அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தர். ஒட்டாதுன்னு உங்க கமிட்டிக்கு ஏற்கெனவே எழுதிக் குடுத்தேன். குணமாகுதுன்னு எப்படி எழுதுவேன்?"

வீட்டுக்கு வந்ததும் அப்பாவை மடக்கினாள்.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. இவனுக்கு ஏதாவது குடுத்தீங்களா?"

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினார். "சத்தியமாச் சொல்றேன்மா. சாப்பாடுன்னு ஒரு வாய் குடுக்கல."

அதற்கு மேல் என்ன கேட்பது? பெற்ற அப்பாவை லிப்ட் மோட்டார் மாதிரி திருகிப் பார்க்கவா முடியும்?

சனிக்கிழமை மதியம் மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறினாள். நாலாம் மாடிக் கதவு இழுத்துக்கொண்டு மூடுகிறது என்று புகார். கொடுத்தவர் சாட்சாத் செயலாளர். நாயைத் துரத்துவார், லிப்டையும் சரி பண்ணச் சொல்வார். பல்லைக் கடித்துக்கொண்டு கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தாள். எந்த மாடியில், எத்தனை மணிக்குக் கதவு திறந்தது என்று பெட்டியே பதிந்து வைத்திருக்கும். வரிசையாகத் தள்ளிக்கொண்டே வந்தவளின் விரல் சட்டென்று நின்றது.

காலை 5.40. ஏழாம் மாடி. 5.41. நாலாம் மாடி.

மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

ஐந்து நாற்பது அப்பா பட்டனை நடக்கக் கூட்டிப் போகும் நேரம். போக வேண்டியது தரைத்தளம். நடுவில் நாலு எதற்கு?

தோள்பையிலிருந்து நோட்டை உருவினாள். லிப்டுக்குப் பராமரிப்புக் குறிப்பு எழுதுகிற பழக்கத்தில் நாய்க்கும் எழுதியிருந்தாள்: சாயங்காலம் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சொறிந்தது என்று. நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பது. பிறகு மூன்றாம் வாரக் கடைசியிலிருந்து பத்து நாள் மளமளவென்று இறங்கி ஒன்பது. அப்புறம் மறுபடியும் ஏற்றம்.

பெட்டியைப் பார்த்தாள். நோட்டைப் பார்த்தாள். அந்தப் பத்து நாளும் லிப்ட் நாலாம் மாடியில் நிற்கவே இல்லை.

நாலாம் மாடியில் இரண்டே வீடு. ஒன்று பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்று செயலாளருடையது. அந்தப் பத்து நாள் அவர் குடும்பத்தோடு ஊரில் இல்லை.

நாயைத் துரத்த இப்படியும் ஒரு வழியா? தெரிந்தே, திட்டமிட்டு...

அப்பாவிடம் மூச்சு விடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு ஒயரைத் தொடக்கூடாது என்பது அவள் தொழிலில் முதல் பாடம்.

ஞாயிறு காலை அப்பா எழும் முன்பே சங்கிலியை எடுத்துக்கொண்டாள். சரியாக ஐந்து நாற்பதுக்கு லிப்டில் நுழைந்து தரைத்தளத்தை மட்டும் அழுத்தினாள்.

ஆறு. ஐந்து. பட்டன் எழுந்து நின்றது. வால் ஆடத் தொடங்கியது.

நாலு. லிப்ட் நின்றது. கதவு இழுத்து, முனகி, திறந்தது.

"வாடா ராஜா, பசிக்குதா..."

பனியனோடு செயலாளர். விரல்களுக்கிடையில் முட்டை பிஸ்கட். அவளைக் கண்டதும் பிஸ்கட் முதுகுக்குப் பின்னால் போனது. திருட்டு முழி முன்னால் நின்றது.

"நாயையும் கொன்னுட்டு, நோட்டீசும் ஒட்டுவீங்களா சார்?"

"ஐயோ, சத்தம் போடாதேம்மா! உள்ள வீட்டுக்காரி தூங்கறா!" கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்கு நாய்ன்னா உசுரு. அவளுக்கு ஆகாது. நோட்டீசு அவ சொன்னா, நான் எழுதினேன். பாவம், சொறிஞ்சு சொறிஞ்சு இளைச்சுட்டானேன்னுதான்..."

"சொறியறதே இதனாலதான் சார்!"

அவர் பிஸ்கட்டைப் பார்த்தார். "உங்கப்பா ஒண்ணுமே சொல்லலையேம்மா?"

படிக்கட்டில் தடதடவென்று ஓசை. நாயையும் சங்கிலியையும் காணாத அப்பா மூச்சிரைக்க இறங்கி வந்தார்.

"அப்பா! சாப்பாடு குடுக்கலைன்னு சத்தியம் பண்ணீங்க!"

"சாப்பாடா குடுத்தேன்? பிஸ்கட்டுதானேம்மா!" அப்பா படியிலேயே உட்கார்ந்தார். "கமிட்டியில இவர் ஓட்டு நமக்கு வேணும்ல? அன்பா ஒரு பிஸ்கட்டு குடுக்கறவரை எப்படித் தடுக்கறது? இவனைக் காப்பாத்தத்தான் வாயை மூடிட்டு இருந்தேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. காப்பாற்றக் கிளம்பிய இருவரும் சேர்ந்து கழுத்தை நெரித்திருக்கிறார்கள்.

"சார், பதினோரு மணிக்குக் கமிட்டிக் கூட்டத்துல இதைச் சொல்லணும். நீங்களே."

"அவ முன்னாடியா?" செயலாளர் தன் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "நாய்க்குப் பதிலா என்னை அப்புறப்படுத்திடுவாம்மா."

கதவு மூடிக்கொண்டது.

பதினோரு மணி. கீழ்க்கூடத்தில் இருபது நாற்காலிகள். முதல் வரிசையில் செயலாளரின் மனைவி, கைகளைக் கட்டிக்கொண்டு. ஓரத்தில் பட்டன், வயிற்றைச் சொறிந்தபடி. பக்கத்தில் அவள், சங்கிலியைப் பிடித்தபடி. லிப்ட் பதிவை நீட்டிவிடலாம். ஆனால் கம்பெனி அனுமதியில்லாமல் அதைச் சபையில் காட்டினால் வேலைக்கே உலை. செயலாளரே வாய் திறந்தால்தான் உண்டு.

செயலாளர் எழுந்தார். காகிதத்தைப் பிரித்தார். மடித்தார்.

"படிங்க" என்றாள் மனைவி.

"படிக்கறதுக்கு ஒண்ணுமில்ல." "அந்த நாயோட சொறிக்கு நான்தான் காரணம். தினமும் காலையில நான்தான் பிஸ்கட்டு போட்டேன். அதுக்கு ஒத்துக்காதுன்னு இன்னைக்குத்தான் தெரியும். இன்னும் எட்டு வாரம் டைம் குடுங்க. அதுக்கும் அடங்கலைன்னா நானே ராஜினாமா பண்றேன்."

"ஏங்க!" மனைவி பாதி எழுந்துவிட்டாள். "காலையில வாக்கிங் போறேன்னீங்களே?"

"லிப்ட் வரைக்கும் போனேன்ல?"

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைக்கு வருவதற்குள் கைகள் உயர்ந்தன. பன்னிரண்டுக்கு ஏழு. எட்டு வாரம் கிடைத்துவிட்டது. மனைவி கைகளைக் கட்டியது கட்டியபடி வெளியேறினாள். செயலாளருக்கு வீட்டில் எத்தனை வாரம் கிடைத்ததோ!

திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பத்தொன்று. நாலாம் மாடியில் லிப்ட் நின்றது. இந்த முறை கதவு முனகவில்லை. நேற்று மாலையே சரி செய்திருந்தாள்.

வெளியே செயலாளர். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். காலி.

பட்டன் இரு உள்ளங்கைகளையும் முகர்ந்தது. ஒரு முறை அவர் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது. பிறகு வலது கையை நிதானமாக நக்கியது.

"முதல் நாள்" என்றாள் அவள், நோட்டைத் திறந்தபடி.